கேரண்டி அத்தானும் அக்காவின் கைப்பையும்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் கேரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். பெண்களுக்கான தோல் கைப்பைகளைக் கையாலேயே தைத்து விற்பது அவர் தொழில். தைத்து முடித்த பையை வாங்க வந்தவரிடம் கொடுக்கும்போது, "ஆயுசு கேரண்டிம்மா. பையோட ஆயுசு இல்ல, உங்க ஆயுசு" என்பார். மனுஷன் பாராட்டுகிறாரா, நமக்கு நாள் குறிக்கிறாரா என்று தெரியாமல் அந்த அம்மாக்கள் விழிப்பார்கள். அத்தான் அதையெல்லாம் கவனிக்க மாட்டார். அவர் கண் பையின் மேலேயே இருக்கும்.

வீட்டின் கீழே, தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. மாடியில் அக்காவும் அவரும். பின்பக்கத்து அறையில் நான். ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நேராகப் பட்டறைக்குள் போய், தோல் சுருள்களுக்கு நடுவில் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து அத்தானோடு வம்பளப்பேன். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுவேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் வக்கீலம்மா.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இழுத்துத் தைப்பார். நூலுக்கு மெழுகு தேய்ப்பார். ஒரு தையல் பிரிந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். வெட்டிய ஓரங்களைக் கண்ணாடிபோல் வழவழவென்று ஆகும்வரை மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் பட்டறைக் கூரை இடிந்து விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

வாய்தான் பிரச்சினை. வாங்க வருகிறவர்கள் எதையாவது மாற்றிக் கேட்டுவிட்டால் போதும், மனுஷனுக்கு மூக்கு விடைத்துவிடும்.

"இங்க ஒரு சின்ன பாக்கெட் வைக்கலாமாங்க?"

"வைக்கலாம். ஆனா வைக்க மாட்டேன்."

"உள்ள கறுப்புத் துணியா இருக்கே. வேற கலர் கிடையாதா?"

"கறுப்புன்னா அழுக்கு தெரியாதும்மா."

"அழுக்கு மட்டுமில்ல அத்தான், எதுவுமே தெரியாது" என்று நான் முக்காலியிலிருந்து சொல்வேன்.

"உள்ள என்ன சினிமாவா ஓடுது, உட்காந்து பார்க்க? வாயை மூடு வக்கீலம்மா."

இதோடு விட்டால் பரவாயில்லை. பட்டறைக்குள் வந்தவர் கொஞ்சம் தயங்கி நின்றாலும் சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவார். நூலகத்திலிருந்து எப்போதோ எடுத்துவந்த படப் புத்தகம் ஒன்றை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தார். "பை பொம்பளைங்க சமாச்சாரமே கிடையாது தெரியுமா? வெள்ளைக்கார நாட்டுல ஒரு காலத்துல ஆம்பளைங்கதான் இடுப்புல சுருக்குப்பையைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. அந்தக் கயித்தை அறுத்துட்டு ஓடறதுக்குன்னே திருடனுங்க இருந்தானுங்க. அப்புறம் கால்சட்டையில பாக்கெட் வந்துச்சு, அவன் பை உள்ள போயிடுச்சு. பொம்பளைங்களுக்கும் பாக்கெட் இருந்துச்சும்மா. உடுப்புக்குள்ள, இடுப்பைச் சுத்தி நாடாவில கட்டியிருப்பாங்க. திடீர்னு ஒரு காலத்துல உடம்போட ஒட்டின மாதிரி மெல்லிசா உடுத்தணும்னு வந்தப்ப, பாக்கெட்டுக்கு உள்ள எங்க இடம்? அதைக் கையில தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. ஊரே சிரிச்சுது, பாக்கெட்டைக் கையில பிடிச்சிக்கிட்டுப் போறாங்கன்னு. அப்ப ஆரம்பிச்சது இந்தக் கைப்பை."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், முதல் தடவை. நானும் அக்காவும் எத்தனை தடவை கேட்டோம் என்பதற்குக் கணக்கே இல்லை. "ஆம்பளைங்கதான் இடுப்புல" என்று அவர் குரல் கீழேயிருந்து கேட்டதுமே அக்கா மாடியில் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குரல் மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் போகும். ஓடுவதிலும் தாண்டுவதிலும் இன்றைக்கும் அவளிடம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பினால் அவள் தோளில் அத்தான் தைத்த அந்தப் பெரிய பழுப்புநிறப் பை ஏறிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போவாள்.

காரணம் நாங்கள்தான். அத்தான் வெளியே கிளம்பினால் கைவீசிக்கொண்டு கிளம்புவார். கால்சட்டைப் பாக்கெட் புடைத்தால் அசிங்கமாம். "இதை உன் பையில போட்டுக்கோ" என்று கண்ணாடிக்கூட்டை நீட்டுவார். கொஞ்சம் தள்ளிப்போய் அளவுநாடாவை நீட்டுவார். வழியில் ஏதாவது ஆணியோ கொக்கியோ வாங்கினால் அதுவும் அங்கேதான் போகும். நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. என் குடை, சீப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அந்தப் பைக்குள்தான் குடியிருந்தன.

"என்னங்க, இந்த வார் தோளை அறுக்குது. கொஞ்சம் அகலமா, மெத்துன்னு ஒண்ணு போட்டுத் தாங்களேன்" என்று அக்கா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"அகலமா போட்டா பையோட அழகே போயிடும். யானை கட்டி இழுத்தாலும் அறாது அந்த வார். அதுல போய்க் குறை கண்டுபிடிக்கிற."

"நான் யானை இல்லீங்க. பொம்பளை."

"இத்தனை வருஷமா பை தைக்கிறவன் நானா, நீயா?"

"இத்தனை வருஷமா தூக்கறவ நான்."

அத்தான் மரக்கட்டையை எடுத்து ஓரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அவர் பேச்சை முடிக்கும் விதம் அது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள்.

ஒருநாள் மத்தியானம் கிளினிக்குக்கு போன் வந்தது. அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாளாம். பாய்ந்து குதித்து ஓடுகிற என் அக்கா பஸ் படியில் விழுவதா! டாக்டரம்மாவே என்னைத் தன் காரில் ஏற்றி, வழியில் அத்தானையும் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். அத்தான் கையில் மெழுகுநூல் சுற்றியபடியே வந்திருந்தார். அதைக் கழற்றவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் பஸ் டிரைவர் நின்றிருந்தார். நல்ல மனிதர், வண்டியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வந்திருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். அக்கா இறங்கிவிட்டாள். ஆனால் பையின் வார் கதவுப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் அவர் வண்டியை நகர்த்த, அக்கா பையோடு சேர்ந்து இழுபட்டுவிட்டாள். ஜனங்கள் கத்தியதும் உடனே பிரேக் போட்டிருக்கிறார். அதற்குள் அவள் கை மடங்கித் தரையில் விழுந்திருக்கிறாள்.

"என் மேலதான் சார் தப்பு. நான் திரும்பிப் பார்த்திருக்கணும்" என்று சொன்ன டிரைவர், பையை அத்தானிடம் கொடுத்தார். "ஆனா ரொம்பக் கெட்டியான பை சார். வேற பையா இருந்தா வார் அறுந்து போயிருக்கும், அம்மா தப்பிச்சிருப்பாங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. இது யார் தைத்த பை என்று அவருக்குத் தெரியாது. அத்தான் பையை வாங்கிக்கொண்டார். அந்த வாரில் ஒரு கீறல்கூட இல்லை. அதையே தடவிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் துக்கப்படக்கூட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பதிவு செய்யும் ஜன்னலில் இருந்த பெண், "நோயாளியோட காப்பீட்டு அட்டை குடுங்க சார்" என்றாள்.

அத்தான் பையைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். துழாவினார். பையைச் சாய்த்து வெளிச்சத்துக்குக் காட்டினார். கறுப்புத் துணிக்குள் கறுப்பாக இருட்டு. ஒரு சுருட்டிய பேண்டேஜ் வெளியே வந்தது. என் சீப்பு வந்தது. மறுபடி கையை விட்டார். அவருடைய கண்ணாடிக்கூடு வந்தது. அப்புறம் அதுவே இன்னொரு தடவை வந்தது, இல்லை, அது வேறொரு கண்ணாடிக்கூடு.

"சார், பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"தெரியுதும்மா. நானும் இங்க பொழுதுபோக்கவா நிக்கறேன்?"

அவர் பொறுமை போய்விட்டது. பையைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் மேடைமேல் கொட்டினார். என் தண்ணீர்ப் போத்தல் உருண்டு ஜன்னலுக்கு உள்ளே போய் அந்தப் பெண்ணின் மடியில் விழுந்தது. அட்டை மட்டும் வரவில்லை.

இதற்குள் உள்ளேயிருந்து மைதானக் குரல் கேட்டது. "என்னங்க! உள்பக்கத்து ஜிப்புல பாருங்க!"

"எந்த ஜிப்பு?"

"நீங்க வச்ச ஜிப்புதான்! நானா வச்சேன்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் அந்த உள் ஜிப்பைத் தேடிக் கண்டுபிடித்து, இறுக்கமாகத் தைத்திருந்த அந்தச் சின்ன வாய்க்குள் தன் பெரிய கையை நுழைத்தார். பித்தளைப் பற்கள் அவர் விரல் முட்டியை வரிசையாகக் கீறிவிட்டன. அட்டை வந்தது, ரத்தத்தோடு. ஜன்னல் பெண் அட்டையை விரல்நுனியால் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கும் ஒரு பதிவு போடணுமா சார்?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. இழுபட்டதில் அந்தப் பக்கத்துத் தோள் தசையும் பிசகியிருந்தது. இன்னொரு தோளிலாவது பை மாட்டலாமா என்று அக்கா கேட்டாள். டாக்டர் அந்தப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இதையா? கொஞ்ச நாளைக்கு எந்தத் தோள்லயும் வேண்டாம்" என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, "இதுல அப்படி என்னங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அத்தான் பையை அவர் கையிலிருந்து வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்காருகிற ஆள் இல்லை என் அக்கா. சீக்கிரமே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினால் போதும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவளைக் கொண்டுபோய் விட்டு அழைத்துவர அத்தான் கூடவே போகவேண்டியிருந்தது. பையும் கூடவே போகவேண்டியிருந்தது.

முதல் நாள் அத்தான் அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு எடுத்துப்போனார். வழியில் மூன்று தடவை திறக்கவேண்டி வந்ததும் அந்த ஏற்பாடு ஒழிந்தது. மறுநாள் தோளிலேயே மாட்டிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பக்கத்துக் கடை பூட்டு ரிப்பேர்க்காரர் விடுவாரா? "என்ன கேரண்டி, புது மாடலை நீயே போட்டுக் காட்டறியா? நடந்து காட்டு பார்ப்போம்."

அத்தான் நின்றார். "உனக்குச் சரித்திரம் தெரியாது. ஒரு காலத்துல ஆம்பளைங்கதான்..."

"அது இடுப்புல கட்டுற பைன்னு நீயேதான சொன்ன? இது தோள்ல இல்ல தொங்குது!"

அக்காவுக்குச் சிரித்ததில் தோள் வலி எடுத்துவிட்டது. "இத்தனை வருஷமா அந்தக் கதையைச் சொன்னதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கு. நடங்க" என்றாள்.

தூக்கிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, வழவழவென்று தேய்த்த வார் தோளில் நிற்காது என்பது. நான்கு எட்டு வைத்தால் சரியும். தோளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார், கழுத்து பிடித்துக்கொண்டது. குறுக்காகப் போட்டுப் பார்த்தார், வார் எட்டவில்லை. கடைசியில் மூட்டையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பையைக் கீழே வைத்தால் அது நிற்காது, சாய்ந்து வாயைப் பிளக்கும். அடியில் கெட்டியாக ஒரு அட்டை வைத்திருந்தால் நின்றிருக்கும். வைத்தால் அழகு கெடும் என்று வைக்காதவரும் அவர்தான்.

உள்ளே போன் அடித்தால் அவர் தேடி எடுப்பதற்குள் நின்றுவிடும். மறுபடி உள்ளே போட்டதும் அடிக்கும். ஒருநாள் பஸ்ஸில் இப்படி நடந்தபோது பக்கத்து சீட் அம்மா ஒருத்தர், "குடுங்க சார்" என்று வாங்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடியே கையை விட்டு ஒரே நொடியில் போனை எடுத்துக் கொடுத்தாராம். "எப்படிம்மா?" என்று இவர் கேட்க, "எல்லாப் பையும் உள்ள இதே இருட்டுதான் சார். பழகிப்போச்சு" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் இதை என்னிடம் சொன்னபோது அத்தான் சிரிக்கவில்லை.

நானும் என் பங்குக்கு அவர் ரத்தக்கொதிப்பை ஏற்றினேன். மழை வருகிறாற்போல் இருந்த ஒரு நாள், "அத்தான், என் குடை பையில இருக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இது பையா, கிடங்கா? உன் குடைக்கு நான் என்ன கூலியாளா? உனக்குக் கை இல்ல? ஏன், உன் கையில என்ன மருதாணியா வச்சிருக்கு?"

"அக்காகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அவ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா?" என்று கத்தினார். பிறகு, தான் கேட்ட கேள்வி தன் காதிலேயே விழுந்ததுபோல் பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் தோல் வெட்டும் மேசையைச் சுத்தமாகத் துடைத்து, அக்காவின் பையை அதன்மேல் கவிழ்த்தார். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றாக எடுத்து, யாருடையது என்று பிரித்து வைத்தார். அவருடைய கண்ணாடிக்கூடுகள், வயிற்று மாத்திரை, கைக்குட்டைகள், அளவுநாடா, பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் காட்டு என்று அவர் கொடுத்த தோல் மாதிரித் துண்டுகள், வளையங்கள், ஒரு சின்னச் சுத்தியல். சுத்தியல்! அது காணாமல் போய்விட்டது என்று வீட்டையே இரண்டாக்கியிருக்கிறார், ஆஸ்பத்திரி ஜன்னலில் கொட்டியபோதும் பதற்றத்தில் அது அவர் கண்ணில் படவில்லை. என் பக்கம் ஒரு குவியல், வெட்கம் கெட்ட குவியல்தான். அக்காவுடையது என்று மிஞ்சியது ஒரு விசில், வலித்தைல டப்பா, பேண்டேஜ், போன், அந்த அட்டை. எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இதை ஏன் சொல்லல நீ?" என்றார். குரலில் கோபம்தான். ஆனால் அது யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"எப்ப சொல்லல?" என்றாள் அக்கா. "தோள் அறுக்குதுன்னு சொன்னேன். உள்ள இருட்டா இருக்குன்னு சொன்னேன். இந்தச் சுத்தியலை வெளிய எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். நீங்க கட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிடுவீங்க. நான் கட்டைகிட்டயா சொல்ல முடியும்?"

அத்தானின் கை மரக்கட்டைப் பக்கம் போனது. பாதியில் திரும்பி வந்துவிட்டது. "அந்த வார் அறுந்திருக்கணும்" என்றார். அந்த வாரைக் கையில் எடுத்து, "அறுந்திருக்கணும்மா" என்று மறுபடி சொன்னார். அக்கா எழுந்துபோய், நன்றாக இருந்த கையால் அவர் முதுகைத் தட்டிவிட்டு, "சரி, டீ போடுங்க. எனக்கு ஒரு கைதான் இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவர் புதுப் பை ஒன்றைத் தைக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் எங்கள் எல்லோருடைய உயிரையும் எடுத்தார். உள்துணிக்கு வெளிர் மஞ்சள். அடியில் கெட்டி அட்டை. அகலமான வார், உள்பக்கம் சொரசொரப்பாக விட்ட தோல். ஜிப்புக்கு இரண்டு பக்கமும் துணி மடிப்பு, கையைக் கீறாதபடிக்கு. இதெல்லாம் சுலபமாக நடந்தது. அவரைப் பாடாய்ப் படுத்தியது வாரை மாட்டும் கொக்கிதான். சும்மா தூக்கும்போது பிடித்துக்கொள்ளவேண்டும், பலமாக வெட்டி இழுத்தால் தானாக விட்டுவிடவேண்டும். கடையில் விற்கிற கொக்கி எதுவும் அப்படி இல்லை.

பட்டறைக் கதவுக் கைப்பிடியில் பையை மாட்டி என்னை இழுக்கச் சொல்வார். "இழு. இன்னும் பலமா இழு. காலையில சாப்பிட்டியா இல்லையா?" கொக்கி விடாது. அதைத் தளர்த்திவிட்டு மறுபடி இழுக்கச் சொல்வார். மெல்லத் தொட்டாலே விட்டுவிடும், நான் பின்னால் போய்த் தோல் சுருளின்மேல் உட்காருவேன். ஒருநாள் சந்தைக்கு அந்தப் பையை எடுத்துப்போனார். காய்கறி வாங்கிக்கொண்டு தெருமுனைக்கு வருவதற்குள் கொக்கி கழன்று, உருளைக்கிழங்கெல்லாம் ரோட்டில் ஓடியது. ஒரு சைக்கிள்காரர் அவற்றுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டே அத்தானைத் திட்டினார். அத்தான் ரோட்டில் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே அவரைத் திருப்பித் திட்டினார்.

கடைசியில் வழி சொன்னவர் பூட்டுக்காரர். இத்தனை நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர், ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து கொக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "ஸ்பிரிங்குல விளையாட வேண்டிய சமாச்சாரத்தைத் தோல்ல விளையாடிக்கிட்டிருக்க. குடு இங்க." பழைய பூட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து, அராவி, வளைத்து, கொக்கிக்குள் பொருத்திக் கொடுத்தார். நான் இழுத்தேன், நின்றது. பாய்ந்து இழுத்தேன், விட்டுவிட்டது. மூன்று பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க வந்த அம்மா ஒருத்தர் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்த வாரம் பை தயாராகிவிட்டது. அத்தான் அதைக் காகிதத்தில் சுற்றி மாடிக்கு எடுத்துப்போனார். நானும் பின்னாலேயே போனேன், இதைத் தவறவிட முடியுமா?

அக்கா பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஜிப்பை இழுத்துத் திறந்தாள், மூடினாள். தோளில் மாட்டி, கண்ணாடிமுன் நடந்து பார்த்தாள். வார் அசையவில்லை. கொக்கியை வெட்டி இழுத்தாள், விட்டது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"ரொம்ப நல்லா இருக்குங்க. நிஜமாவே. இதுவரைக்கும் நீங்க தைச்சதிலேயே இதுதான் பை."

அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்களே வச்சிக்கோங்க" என்றாள்.

"என்னது?"

"எனக்கு வேணாங்க. இந்த ஒரு மாசமா ரெண்டு தோளும் சும்மா இருந்தது எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? ஒரு கை கட்டுல கிடந்தும் சொல்றேன்." உடுப்பின் இரண்டு பக்கமும் கையை விட்டுக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். "தையல்கடையில குடுத்து எல்லா உடுப்புலயும் வைக்கச் சொல்லிட்டேன். பொம்பளைங்க பாக்கெட் உள்ளதான் இருந்துச்சுன்னு நீங்கதான சொல்வீங்க? அங்கயே திருப்பி வச்சிட்டேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏம்மா, இதுக்காக ரோட்டுல உருளைக்கிழங்கு பொறுக்கினேனே! அந்தப் பூட்டுக்காரன்கிட்ட பேச்சு வாங்கினேனே! உனக்காகத்தான இவ்வளவும்!"

"தெரியுங்க. அதான் நல்லா இருக்குன்னு சொல்றேன்ல. உங்க கண்ணாடி, உங்க மாத்திரை, உங்க சுத்தியல் எல்லாம் இதுல அழகா அடங்கும்."

இரண்டு நாள் பட்டறையிலிருந்து ஓரம் தேய்க்கும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தோல் மண்டிக்குப் போகக் கிளம்பினார். தோளில் அந்தப் பை இருந்தது. பூட்டுக்காரர் கடை வாசலில் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், கொக்கியில் தன் ஸ்பிரிங் இருப்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, "வார் எப்படிப் பிடிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

அதே மாதிரியில் இப்போது பலர் கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் பல் டாக்டரம்மா இரண்டு வாங்கினார். ஆனால் அத்தானிடம் பை வாங்குவது முன்னைவிடக் கஷ்டம். முன்பு யார் எதைச் சொன்னாலும் கேட்க மாட்டார். இப்போது அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. உள்ளே என்னென்ன வைப்பீங்க, எந்தத் தோள்ல போடுவீங்க, உங்க வீட்டுக்காரர் எதையெல்லாம் உங்ககிட்ட குடுப்பார் என்று துருவி எடுக்கிறார். "அவர் சாமான் பட்டியலா? அதுக்கு அவரையே ஒரு பை வாங்கச் சொல்லுங்க, அளவெடுத்துத் தைச்சுத் தரேன்" என்று ஒரு அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா மறுபடி வரவே இல்லை. நல்ல வாடிக்கை போயிற்று என்று நான் சொன்னதற்கு, "போனா போகட்டும் வக்கீலம்மா" என்றார்.

போன வாரம் மூன்று பேருமாக வெளியே போய்விட்டு வந்தோம். பூட்டிய கதவுக்கு முன்னால் அத்தான் கையை நீட்டினார்.

"சாவி எங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அக்கா.

அத்தான் பையை முழங்காலில் வைத்துத் துழாவ ஆரம்பித்தார். வெளிர் மஞ்சள் துணியில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. ஆனால் தெரிய வேண்டியவை ஏராளமாக இருந்தன. ஒரு நூல்கண்டு விழுந்தது. "இதை யார் உள்ள போட்டது?" என்று கத்தினார். அக்கா சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.